நெறி கட்டுவது கழிவு தேங்குவதா?

வாசகர் கேள்வி, 2 ஜூன் 2024

போன வாரம் கொல்லையில் வேலி கட்டும்போது வலது காலில் கருவேல முள் ஏறிவிட்டது. இரண்டாம் நாளே தொடையிடுக்கில் நெறி கட்டி, நடந்தால் சுளீர் என்கிறது. எங்கள் ஊரில் புதிதாக வந்திருக்கும் மசாஜ் நிலையத்தில் கேட்டேன். நிணநீர்தான் உடம்பின் சாக்கடை, அது அடைத்துக்கொண்டால்தான் நெறி கட்டும், பத்து தடவை வந்து தேய்த்துக்கொண்டால் கழிவெல்லாம் வெளியேறி எதிர்ப்பு சக்தி கூடிவிடும் என்கிறார்கள். போகலாமா?

3 ஜூன் 2024, இரவு

போகாதீர்கள். கட்டியைத் தேய்க்கவும் வேண்டாம்.

சாக்கடை என்று சொல்பவர்கள் பாதியைத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ரத்தம் நுண்குழாய்களில் ஓடும்போது அதிலிருந்து தண்ணீரும் கொஞ்சம் புரதமும் கசிந்து திசுக்களுக்குள் போகும். அதில் பெரும்பகுதி திரும்ப ரத்தக் குழாய்க்குள்ளேயே போய்விடும், நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் மட்டும் வெளியே தங்கும். அதை அள்ளிக்கொண்டு போய் மறுபடி ரத்தத்தில் சேர்ப்பதுதான் நிணநீர் நாளங்களின் வேலை. இதற்கென்று தனி இதயம் கிடையாது. நாளத்தின் சுவரே நிமிடத்துக்குச் சில தடவை சுருங்கும், நாம் நடந்தால் கெண்டைக்கால் தசை பிழியும், மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் உறிஞ்சும், வந்தது திரும்பிப் போகாதபடி வழிநெடுக வால்வுகள் இருக்கும். கடைசியில் எல்லாம் கழுத்தடியில், காறை எலும்புக்குப் பின்னால் இருக்கும் பெரிய சிரையில் போய்க் கொட்டும். வலது கை, வலப்பக்கத் தலை, வலப்பக்க நெஞ்சு இவற்றின் நீர் வலப்புறத்தில், மிச்சம் உடம்பு முழுவதும் இடப்புறத்தில்.

ஆக இந்த நீர் போய்ச் சேருவது ரத்தத்தில். உடம்பை விட்டு வெளியே போவதற்கு அதற்கு வாசலே கிடையாது. அவர்கள் எதை, எங்கே வெளியேற்றுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

போகிற வழியில் அங்கங்கே அவரை விதை மாதிரி முடிச்சுகள் இருக்கும். உடம்பில் 500 முதல் 800 வரை. கால் நீர் தொடையிடுக்கு முடிச்சுக்கு வரும், கை நீர் அக்குளுக்கு, தலையும் தொண்டையும் கழுத்துக்கு. முள் காலில் குத்தி நெறி தொடையிடுக்கில் கட்டுவது இதனால்தான். நெறி கட்டினால் அங்கே வேலை நடக்கிறது என்று பொருள். சும்மா விடுங்கள், தானே வடியும்.

3 ஜூன் 2024, அரை மணி கழித்து

பத்து தடவைக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே.

5 ஜூன் 2024

"வேலை நடக்கிறது" என்றால் என்ன வேலை என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

முள்ளோடு மண்ணும் கிருமியும் உள்ளே போகும். முதலில் ஓடி வருவது நியூட்ரோபில் என்ற வெள்ளையணு. எலும்பு மஜ்ஜை தினமும் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களைச் செய்து தள்ளுகிறது. ஒரு நாள் போல வாழ்ந்து, கிடைத்த கிருமியை விழுங்கிச் சாகும். காயத்தில் நாம் பிதுக்குகிற சீழ் பெரும்பாலும் அவற்றின் பிணக்குவியல்தான். இவை யார் எவர் என்று பார்ப்பதில்லை, கைக்கு வந்ததை அடிக்கும்.

அதே நேரத்தில் தோலடியில் கிளை கிளையாக விரிந்த ஒரு செல், டென்ட்ரைட்டிக் செல், கிருமியை விழுங்கி, அதன் துண்டுகளைத் தன் மேல்தோலில் மாட்டிக்கொண்டு நிணநீரில் ஏறி முடிச்சுக்குப் போகும். இப்போது நம் ஊர் வரன் பார்க்கும் மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டென்ட்ரைட்டிக் செல்தான் பெண், கிருமியின் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிறாள். டி அணுக்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் ரத்தத்திலிருந்து இறங்கி, வரிசையாக வந்து ஜாதகத்தைப் பார்த்துவிட்டுப் போகின்றன. ஒவ்வொரு அணுவும் பிறவியிலேயே ஒரே ஒரு வடிவத்தைத்தான் அடையாளம் காணும். லட்சத்தில் ஒன்றுக்கோ பத்து லட்சத்தில் ஒன்றுக்கோதான் பொருத்தம் இருக்கும். அந்த ஒன்றைத் தேடி உடம்பு முழுக்க அலைந்தால் வருஷம் ஆகும். எல்லாரும் வந்துபோகும் ஒரு மண்டபம் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கிடைத்துவிடும்.

கூட்டம் சேரட்டும் என்று முடிச்சு வெளியேறும் வாசலைக் கொஞ்ச நேரம் சாத்தியும் வைக்கும். உள்ளே வருகிற ரத்தம் கூடும், வந்தவர்கள் போக முடியாது, பொருந்திய அணு இரண்டாகி நாலாகிப் பெருகும். முடிச்சைச் சுற்றிய உறை இழுபடும், வலிக்கும். அதுதான் உங்கள் நெறி. பெருகி முடிய நாலைந்து நாளாவது ஆகும், புதுக் காய்ச்சல் வந்தால் முதல் வாரம் நம்மைப் படுக்கையில் போட்டுவிடுவதும் இதனால்தான். அடுத்த முறை அதே கிருமி வந்தால் பழகிய அணுக்கள் காத்திருக்கும், தாமதம் குறையும். தடுப்பூசி செய்வதெல்லாம் நோயைத் தராமலேயே ஜாதகத்தை முன்கூட்டி அனுப்புவது.

6 ஜூன் 2024

இரண்டு திருத்தம்.

ஒன்று, மருத்துவம் படிக்கும் ஒரு பிள்ளை 3 லிட்டர் கணக்கைக் கேட்டு மடக்கிவிட்டது. நான் சொன்னது எண்பதுகளில் நான் படித்த புத்தகக் கணக்கு: 20 லிட்டர் கசியும், 17 திரும்பும், 3 நிணநீராகும். கசிந்த நீர் நுண்குழாயின் மறுமுனையில் அப்படித் தாராளமாகத் திரும்ப உறிஞ்சப்படுவதில்லை, பெரும்பாலான திசுக்களில் திரும்பும் வேலையை நிணநீர் நாளம்தான் சுமக்கிறது என்பது இப்போதைய பார்வை. முடிச்சுக்குள்ளேயே கொஞ்சம் தண்ணீர் ரத்தத்துக்குப் போய்விடுவதால் கடைசியில் கழுத்தடிக்கு வந்து சேருவதை மட்டும் அளந்தால் கணக்கு குறைவாகத் தெரியும். ஆக, நான் சொன்னதைவிட இந்த நாளங்கள் கூடுதலாகவே உழைக்கின்றன.

இரண்டு, வரன் உதாரணத்தைத் திரும்பப் பெறுகிறேன். பொருத்தம் பார்த்த மாப்பிள்ளை தனியாகவே லட்சம் பேராகப் பெருகுகிறானே, அது எந்த ஊர்க் கல்யாணம் என்று ஒரு அம்மா கேட்டுவிட்டார். பதில் இல்லை.

9 ஜூன் 2024

நீங்கள் யார், டாக்டரா என்று கேட்டவருக்கு. இல்லை. ஆய்வக நுட்பனராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பல வருஷம் யானைக்கால் தடுப்புப் பிரிவில். நிணநீர் என்ற ஒன்று உடம்பில் இருப்பதை நான் தெரிந்துகொண்டதே அது கெட்டுப்போன கால்களைப் பார்த்துத்தான்.

எங்கள் வேலை ராத்திரியில். எட்டரை மணிக்கு மேல் கையில் டார்ச், தோளில் ஸ்லைடு பெட்டி, ஸ்பிரிட் பஞ்சு, லான்செட்டோடு தெருவில் இறங்குவோம். அரைத் தூக்கத்தில் இருப்பவரை எழுப்பி விரல் நுனியில் ஒரு குத்து, 20 கன மில்லிமீட்டர் ரத்தம், ஸ்லைடில் தடிமனாக ஒரு பூச்சு. "பகல் முழுக்கத் தூங்கிட்டு ராத்திரி ரத்தம் எடுக்க வர்றானுங்க" என்று திட்டாத தெரு கிடையாது. ஒரு கிழவி என்னைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்றே கூப்பிடுவார், ஆனால் விரலை மட்டும் முதல் ஆளாக நீட்டிவிடுவார். குழந்தைகளைப் பயமுறுத்த எங்கள் பெயரைத்தான் சொல்வார்கள்.

ராத்திரி ஏன் என்றால், யானைக்காலை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடக்கும். இரவில்தான் கை கால் ரத்தத்துக்கு வரும், பத்திலிருந்து இரண்டு மணிக்குள் மிக அதிகமாக. அந்த நேரத்தில்தான் க்யூலெக்ஸ் கொசு கடிக்க வரும். கொசு வரும் நேரம் பார்த்துப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து நிற்கிற மாதிரி. கொசு இதைச் சுமக்கிறது என்று 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் இருந்த பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். மனித நோயின் கிருமி கொசுவுக்குள் வளரும் என்று உலகம் கண்டதே இதில்தான் முதலில், மலேரியா எல்லாம் அப்புறம்.

மறுநாள் காலை ஸ்லைடைத் தண்ணீரில் போட்டுச் சிவப்பைக் கழுவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைப்போம். இருந்தால் வளைவு வளைவாக, யாரோ ஊதா மையில் கையெழுத்துப் போட்ட மாதிரி படுத்திருக்கும். உடம்பைச் சுற்றி ஒரு உறை, வால் நுனியில் புள்ளி இருக்காது. முதல் தடவை நான் பார்த்தபோது என் மேலதிகாரி எழுந்து வந்து கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "யாருப்பா இவன்?" என்று கேட்டார். ஸ்லைடு எண்ணைத் தேடிப் பார்த்தால், ஊரில் சடுகுடு ஆடுகிற பையன். கால் இரண்டும் தேக்கு மரம்.

எனக்குப் புரியாமலே இருந்தது இதுதான். கால் வீங்கி யானைக்காலாக நிற்பவர்களின் ஸ்லைடு பெரும்பாலும் காலியாக இருக்கும். ரத்தத்தில் குஞ்சு நீந்துகிறவர்கள் திடகாத்திரமாகத் திரிவார்கள். தலைகீழாக இருக்கிறதே, ஸ்லைடு மாறிவிட்டதா என்று ஆரம்பத்தில் எத்தனையோ தடவை எண்களைச் சரிபார்த்திருக்கிறேன்.

தாய்ப்புழு வெள்ளை நூல் மாதிரி, 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். அது குடியிருப்பது நிணநீர் நாளத்துக்குள்ளேயே. நம்மை நோயிலிருந்து காக்கிற பாதையில் வந்து குடும்பம் நடத்திக்கொண்டு வருஷக் கணக்கில் வாழ்கிறது. வெள்ளையணுக்கள் எப்படி விட்டு வைக்கின்றன? உயிரோடு இருக்கும் வரை அது நம் எதிர்ப்பாற்றலைத் தாலாட்டித் தூங்க வைக்கிறது. அதனால் அந்தப் பையனுக்குக் காய்ச்சலும் இல்லை, வீக்கமும் இல்லை, வீட்டுக் கொசுக்களுக்கெல்லாம் விநியோகம் மட்டும் நடக்கிறது. புழு செத்தால் தாலாட்டு நின்றுவிடும். உடம்பு விழித்துக்கொண்டு அந்த இடத்தைப் போர்க்களம் ஆக்கும். நாளம் ஏற்கனவே விரிந்து வால்வு போயிருக்கும், நீர் கீழேயே தேங்கும். தேங்கிய காலில் விரலிடுக்கு வெடிப்பு வழியாகச் சாதாரண பாக்டீரியா புகுந்தால் குளிர்ஜுரம், சிவப்பு, வலி. ஒவ்வொரு தாக்குதலுக்கும் தோல் இன்னும் தடிக்கும். காலைப் பெருக்க வைப்பதில் புழுவுக்குச் சமமான பங்கு இந்தத் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலுக்கு உண்டு.

அதனால்தான் கால் வீங்கினவர்களுக்கு நாங்கள் சொன்ன வைத்தியத்தில் பாதி சோப்பும் தண்ணீரும். ராத்திரி படுக்குமுன் காலைக் கழுவு, விரலிடுக்கைத் துணியால் ஒற்றிக் காய விடு, சேற்றுப்புண்ணுக்கு மருந்து போடு, காலை உயர்த்தி வைத்துப் படு. இதற்கா ஆஸ்பத்திரி என்று முகம் சுளிப்பார்கள். விடாமல் செய்தவர்களுக்கு வருஷத்துக்கு ஐந்தாறு முறை வந்த காய்ச்சல் ஒன்றாகக் குறைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

10 ஜூன் 2024

நேற்று எழுதாமல் விட்டது. ஸ்லைடில் புழு தெரிந்தவருக்கு 12 நாள் டி.இ.சி. என்ற புழுக்கொல்லி மாத்திரை. பிறகு ஊருக்கே வருஷம் ஒருமுறை கொடுக்கும் திட்டம் வந்தது. போட்டுக்கொண்ட அன்று ராத்திரி சிலருக்குக் காய்ச்சல், தலைவலி வரும். உடனே "நல்லா இருந்தவனை மாத்திரை கெடுத்துடுச்சு" என்று அடுத்த தெரு மொத்தமும் வாங்க மறுத்துவிடும். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் குஞ்சுகள் கூட்டமாகச் சாவதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. புழு இருந்தவருக்குத்தான் பலமாக வரும். இதைத் திண்ணை திண்ணையாக விளக்கிப் பார்த்தேன். கேட்டுவிட்டு, "சரி சார், நீங்க ரெண்டு போட்டுக் காட்டுங்க" என்பார்கள். அவர்கள் எதிரில் நான் விழுங்கிய மாத்திரைக்குக் கணக்கில்லை.

12 ஜூன் 2024

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதத்தை நாங்கள் "ஆன்டிபாடி" என்று எழுதுவதற்குப் பதில் அவர்கள் பள்ளிக்கூடத்திலேயே "பிறபொருளெதிரி" என்று படித்ததாகச் சொல்கிறார். பொறாமையாக இருக்கிறது. யானைக்கால் அவர்கள் பக்கம் கிடையாது, மேற்கு, தெற்குக் கரையோரம்தான் இருந்தது என்றும் சொல்கிறார், சரிதான். 2016இலேயே இலங்கை அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. நாம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

சொல் என்றதும் ஞாபகம் வருகிறது. நிணநீர் என்று பெயர் வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர். நிணம் என்றால் பழந்தமிழில் கொழுப்பு. நாம் சாப்பிடும் கொழுப்பு குடலிலிருந்து நேராக ரத்தத்துக்குப் போவதில்லை, குடலின் நிணநீர் நாளம் வழியாகத்தான் போகிறது. நெய் விட்டுச் சாப்பிட்ட பிறகு அந்த நாளத்தில் ஓடுவது பால் மாதிரி இருக்கும். 1622இல் மிலான் நகரத்தில் காஸ்பரே அசெல்லி என்ற அறுவை மருத்துவர், அப்போதுதான் வயிறு நிறையத் தின்றிருந்த நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக இழைகள் தெரிந்தன. நரம்பு என்று நினைத்து ஒன்றை வெட்டினார், பால் வந்தது. வேறொரு நாளில் பட்டினி நாயைத் திறந்தால் ஒன்றுமே தெரியவில்லை. நாய் சாப்பிட்டிராவிட்டால் கண்டுபிடிப்பே இல்லை.

14 ஜூன் 2024

எதிர்ப்பு சக்தியைக் கூட்ட என்ன குடிக்கலாம் என்ற கேள்வி வந்தே தீரும் என்று தெரியும், வந்துவிட்டது.

2020இல் எல்லாரையும் போல நானும் கபசுரக் குடிநீர் குடித்தேன். கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. அதைப் பற்றிச் சண்டை வேண்டாம். எனக்குப் பிடிக்காதது அந்தக் "கூட்டுவது" என்ற சொல். எதிர்ப்பாற்றல் மேல்நிலைத் தொட்டி இல்லை, மோட்டார் போட்டு ஏற்றுவதற்கு. கூடினால் ஆபத்து. என் அக்காவுக்கு விரல் மூட்டெல்லாம் கோணியது அவளுடைய வெள்ளையணுக்கள் அவளுடைய மூட்டையே அந்நியன் என்று அடித்ததால். என் பேரனுக்குத் தூசி பட்டால் இழுப்பு வருவதும் அவன் உடம்பு ஒன்றுமில்லாததுக்குக் கத்தியைத் தூக்குவதால். பலத்தைவிட முக்கியம், யாரை அடிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிவது. அதைத் தைமஸ் என்ற சுரப்பி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருப்பது, சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுக்கிறது. சொந்த உடம்பைத் தாக்கக்கூடிய டி அணுக்களை அங்கேயே கழித்துக்கட்டும். தேறுவது மிகச் சில.

நன்றாகத் தூங்குங்கள், புரதம் சேருங்கள், தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள், பீடி சிகரெட்டை விடுங்கள். இதையெல்லாம் யாரும் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது என்பதால் விளம்பரம் வருவதில்லை.

22 ஜூன் 2024

இந்த இழையை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். முதல் நாள் நான் எழுதிய கடைசி வரி என்னைக் குத்துகிறது. "சும்மா விடுங்கள், தானே வடியும்." இதே வார்த்தையை 2016இல் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கழுத்தில் இடப்பக்கம், சவரம் செய்யும்போது கைக்கு ஒரு உருண்டை தட்டுப்பட்டது. வலி இல்லை. பல் சொத்தை இருந்தது, அதனால் நெறி கட்டியிருக்கிறது, உள்ளே வேலை நடக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் போனது. பக்கத்தில் இன்னொன்று. சட்டைக் காலர் பட்டன் போடும்போது இடித்தது. மனைவி கேட்டபோது அவளுக்கும் டென்ட்ரைட்டிக் செல் பாடம் எடுத்தேன். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும், தலையணை உறை காலையில் ஈரமாக இருக்கும். அது சித்திரை மாதம், வேர்வை என்று நினைத்தேன். இரண்டே கால் மாதம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் பழைய சகாவான டாக்டர் ஒருவர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பந்தியிலிருந்தே எழுப்பிக்கொண்டு போனார்.

ஊசி விட்டு உறிஞ்சினார்கள். சிரிஞ்சில் வந்தது திரிந்த பால் மாதிரி இருந்தது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, ரிப்போர்ட் வருகிற வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. டி.பி. நம் பாட்டிகள் கண்டமாலை என்று சொன்னது இதைத்தான், கழுத்தில் மாலை மாதிரி வரிசையாகக் கட்டுவதால். ஆயிரக்கணக்கான ஸ்லைடு பார்த்தவன், என் கழுத்தைப் பார்க்கவில்லை.

இங்கே நடப்பது வேறு கதை. விழுங்கிச் செரிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே டி.பி. கிருமி சாகாமல் குடியிருக்கும். கொல்ல முடியாத உடம்பு, சுற்றிலும் செல்களை அடுக்கிச் சுவர் எழுப்பி அடைத்து வைக்கும். நடுவில் செத்த திசு திரிந்த பாலாகும். ஆக, நெறி கட்டினால் வேலை நடக்கிறது என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த வேலை ஜெயிக்கிறதா என்பதை நெறி சொல்லாது. அதை நான் முதல் நாளே சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

ஆறு மாதம் மாத்திரை. இரண்டாம் மாதம் கட்டி சுருங்குவதற்குப் பதில் பெரிதாகிப் பழுத்தது. மருந்து வேலை செய்யவில்லை, கதை முடிந்தது என்று ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். மறுநாள் டாக்டர் சிரிக்கிறார். கிருமி செத்துச் சிதறும்போது, தேறி வருகிற எதிர்ப்பாற்றல் அந்தச் சிதறல் மேல் பாய்வதால் சிலருக்கு இப்படி வீங்குமாம், மாத்திரையை நிறுத்தாமல் தொடரச் சொன்னார். டி.இ.சி. மாத்திரைக் காய்ச்சலைப் பற்றி ஊர் ஊராகத் திண்ணையில் நான் விளக்கியது இதே சமாச்சாரம்தான். எனக்கு வந்தபோது எனக்கே புரியவில்லை.

23 ஜூன் 2024

எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று சுருக்கமாகக் கேட்கிறார்கள். காயமோ தொண்டை வலியோ இருந்து, அழுத்தினால் வலித்து, விரலுக்கடியில் நழுவி, இரண்டு மூன்று வாரத்தில் சிறுத்தால் கவலையில்லை. காரணமே தெரியாமல் கட்டினால், ஒரு மாதம் ஆகியும் இருந்தால், 2 சென்டிமீட்டருக்கு மேல் போனால், கல் மாதிரி ஒட்டிக்கொண்டு நகராவிட்டால், கூடவே மாலைக் காய்ச்சல், இரவு வேர்வை, எடை குறைவு இருந்தால் போங்கள். காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் எது தட்டுப்பட்டாலும் ஒரு மாதம்கூடப் பார்க்க வேண்டாம். இடப்பக்கக் குழியில் கட்டினால் வயிற்றுப் புற்றுநோயையும் சந்தேகப்படுவார்கள். வயிற்றின் நிணநீர் மேலே ஏறி அங்கேதானே வந்து கொட்டுகிறது.

1 ஜூலை 2024

கைக்குழந்தைக்கு இடது அக்குளில் கோலிக்குண்டு மாதிரி இருக்கிறது என்று பயந்து எழுதிய தாய்க்கு. பிறந்ததும் இடது தோளில் டி.பி.க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி போட்டிருப்பார்கள், அந்தத் தோளின் நீர் அந்த அக்குளுக்குத்தான் வரும். பல குழந்தைகளுக்குத் தானே அடங்கும். சிவந்தாலோ மெத்தென்று பழுத்தாலோ காட்டுங்கள். இப்போதே ஒருமுறை காட்டிவிட்டால் உங்களுக்கும் தூக்கம் வரும்.

பி.சி.ஜி.யே வீண் என்று கீழே ஒருவர் செங்கல்பட்டு ஆய்வை இழுத்திருக்கிறார். 1968இல் தொடங்கி, இரண்டரை லட்சம் பேருக்கும் மேல் சேர்ந்த ஆய்வு அது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது உண்மை. ஆனால் குழந்தைகளுக்கு மூளை உறையில் வரும் டி.பி., உடம்பெங்கும் பரவும் டி.பி. இவற்றுக்கு அது நல்ல காவல், அதற்காகத்தான் இன்றும் போடுகிறார்கள். பாதியைப் படித்துவிட்டுக் கைக்குழந்தைக்காரர்களைக் குழப்பாதீர்கள்.

8 ஜூலை 2024

பிசியோதெரபி செய்கிற ஒரு பெண் என்னைக் கண்டித்து நீளமாக எழுதியிருக்கிறார். நிணநீர் மசாஜ் என்பதே ஏமாற்று என்ற தொனியில் நான் எழுதிவிட்டேனாம். ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் என் சின்னம்மாவுக்கே அது தேவைப்பட்டது.

மார்பகப் புற்றுநோய்க்காக வலது அக்குள் முடிச்சுகளை எடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் கண்ணாடி வளையல் கழற்ற வரவில்லை. சோப்பு போட்டும் வரவில்லை, உடைத்து எடுத்தோம். இடது கையில் அதே அளவு வளையல் சலசலவென்று ஆடிக்கொண்டிருந்தது. வழியில் இருந்த முடிச்சை எடுத்துவிட்டதால் கை நீருக்குப் போக்கிடம் குறைந்துவிட்டது. அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் செய்யும் தடவல் உண்டு, தோலை மட்டும் நகர்த்துகிற மாதிரி, பூனைக்குட்டியைத் தடவுவதைவிட மெதுவாக. முதலில் கழுத்துப் பக்கம் வழி உண்டாக்கிவிட்டு அப்புறம்தான் கைக்கு வருவார்கள். அதைவிட முக்கியம் பிறகு சுற்றும் அழுத்தக் கட்டும் கைப்பயிற்சியும். சின்னம்மா வீக்கத்துக்கு ஈடு கொடுத்து மறுபடி வளையல் போட ஐந்து மாதம் ஆனது, அதுவும் ஒரு அளவு பெரிய வளையல்.

அங்கேயும் கிருமி புகுந்து சிவந்து காய்ச்சலோடு இருக்கும்போது கையே வைக்க மாட்டார்கள். முள் ஏறி நெறி கட்டிய காலை எண்ணெய் விட்டு அமுக்குவது இதில் சேராது. அந்த ஊர் மசாஜ் நிலையத்தின் மேல் எனக்கு இருக்கும் கருத்து அப்படியே இருக்கிறது.

19 ஜூலை 2024

முதல் கேள்வி கேட்ட நண்பர் ஆறு வாரம் கழித்து வந்திருக்கிறார். என் பேச்சைக் கேட்டு மசாஜுக்குப் போகவில்லை. என் பேச்சைக் கேட்டே நெறியையும் சும்மா விட்டிருக்கிறார். வலி குறைந்தது, ஆனால் கட்டி போகவில்லை, உள்ளங்காலில் ஊன்றினால் உறுத்தல். 23ஆம் தேதி நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு மாதம் தாண்டிவிட்டதே என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார். மரத்துப்போக ஊசி போட்டுக் கீறிப் பார்த்தால் உள்ளே அரை அங்குல முள் முறிந்து கிடந்திருக்கிறது, கறுத்துப் போய். எடுத்த பத்தாம் நாள் நெறி மொச்சை அளவுக்கு வந்துவிட்டதாம்.

வெள்ளையணு, ஜாதகம், அமோய் துறைமுகம், மிலான் நாய் என்று ஒன்றரை மாதம் எழுதித் தள்ளியிருக்கிறேன். முள்ளை எடுத்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தனுர்வாத ஊசி போட்டார்களா?